ஆற்றுக்கு அக்கரைப் பட்டியல்

அன்பு மகள் ஷெல்பிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் கைப்போனில் பேசினால் இந்தப் பக்கம் பாதியில் அறுந்துபோகும், வீட்டுப் போனை நான் சும்மா விட்டு வைத்திருக்கிறேன். உன் தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான், நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவன் கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன செய்வது. டஸ்டின் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நீ என்ன செய்ய முடியும். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அப்பாவின் மர அறுப்பு மிஷினைக் காணோம், அதில் ஆரம்பித்தது. யாரிடம் கொடுத்து அந்தப் பாழாய்ப்போன போதை மாத்திரையை வாங்கினான் என்று கேட்கவே வேண்டாம். உன் அப்பா வாசலில் நின்று, "இனிமே இந்தப் படியை மிதிச்சே, உன்னை மனுஷனா பாக்க மாட்டேன்" என்றார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வண்டி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சரளைக்கல் மேட்டில் நின்றது. பெட்ரோல் இல்லை, சாவி வண்டியிலேயே இருந்தது, அவனைக் காணோம். ஷெரிஃப் ஆபீஸில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பையன் நாற்காலியை விட்டு எழாமலே, "இருபத்தொம்பது வயசு ஆளும்மா, எங்கயாவது கிடந்துட்டு பசிச்சா வருவான்" என்றான். ஆறு இருக்கிறதே ஐயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் காலையில் கண் விழித்ததும் கவுண்டி ஜெயில் பட்டியலைப் பார்க்கிறேன். நம் கவுண்டியில் யார்தான் பார்ப்பதில்லை, காபி கொதிப்பதற்குள் முந்தின நாள் பிடிபட்டவர்களின் படமும் பெயரும் குற்றமும் கைப்போனில் வந்துவிடும், உரக்கடைக்காரன் மச்சான் குடித்துவிட்டு டிராக்டரை ஓட்டிப் பிடிபட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பான், நாமும் சிரிப்போம். இந்தப் பதினோரு நாளாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளை முகம் அதில் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். நான் வந்துவிட வேண்டும் என்று வேண்டுகிறேன். ஜெயிலில் இருந்தால் உயிரோடு இருக்கிறான், மேலே கூரை இருக்கிறது, மூன்று வேளை எதையோ போடுகிறார்கள். இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். பட்டியல் காலையில் ஒரு தரம்தான் மாறும் என்று எனக்குத் தெரியும், கை கேட்கமாட்டேன் என்கிறது. அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. உன் அப்பா கன்றுக்குட்டியைக் காணோம் என்று சொல்லிவிட்டு ஒரு நீளக் கழியோடு தினமும் ஆற்றங்கரைக்குப் போகிறார். கன்றுகள் எல்லாம் தொழுவத்தில்தான் நிற்கின்றன, நான் எண்ணிப் பார்த்தேன்.

இன்னொன்றும் மனதைக் குடைகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நம் சபையில் புதன்கிழமை ஜெபக் குறிப்பு நோட்டு பதினைந்து வருஷமாக என் கையில் இருப்பது உனக்குத் தெரியும். நோயாளிகள் பெயரை வாசித்த பிறகு, அந்த வாரப் பட்டியலில் இருக்கும் நம் ஆட்களின் பெயரையும் வாசிப்பேன், என்ன குற்றம் என்பதோடு சேர்த்து. ஜெபிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டாமா என்று சொல்லிக்கொள்வேன். பெண்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள், நானும் குரலை ஏற்றித்தான் வாசிப்பேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் நெல்டாவின் மகன் ரிக்கி பெயர் வந்தது. உன்னோடு பள்ளி பஸ்ஸில் வந்தவன், மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போவேன் என்று சதா சொல்லிக்கொண்டிருப்பானே, அந்த ரிக்கி. நெல்டா அப்போதுதான் கூட்டம் முடிந்து எல்லாரும் சாப்பிடுவதற்காகக் கோழியும் சோறும் வேகவைத்த கண்ணாடிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "ரிக்கி, போதை மருந்து, மூணாவது தடவை" என்று வாசித்தேன். அவள் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள், அன்றிலிருந்து சபைக்கு வருவதில்லை. கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அடியில் டேப் ஒட்டி அவள் பெயரை எழுதியிருக்கிறாள். நாலு வருஷமாக நம் அலமாரியில் கிடக்கிறது, ஒவ்வொரு வாரமும் நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பேன். இப்போது போய் அவள் வாசலில் நிற்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

மேலே உள்ளதைத் திங்கள்கிழமை எழுதினேன், இன்று வியாழன். நல்லவேளை தபாலில் போடவில்லை. முதலில் இதைப் படித்துக்கொள்: உன் தம்பி உயிரோடு இருக்கிறான். செவ்வாய் காலை நான் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது நெல்டாவின் கார் நம் கேட்டருகே வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் போனை நீட்டினாள். டஸ்டினின் படம், தாடியும் கலைந்த தலையுமாக, நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாயே சாம்பல் நிறக் கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். கெல்சோ கவுண்டிப் பட்டியல். பாலத்தை நடந்தே தாண்டிப் போய், யாரோ பூட்டி வைத்திருந்த வேட்டைக் குடிசைக்குள் புகுந்து இரண்டு நாள் படுத்திருக்கிறான், சொந்தக்காரன் போலீஸைக் கூப்பிட்டுவிட்டான். பாலத்தின் பாதியில் கவுண்டி மாறுகிறது என்று பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், ஷெல்பி. ஆனாலும் அக்கரைப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. கால்பந்தில் நம்மைத் தோற்கடிக்கிற ஊர் என்பதைத் தவிர கெல்சோவை நாம் என்றைக்கு நினைத்திருக்கிறோம், அவர்கள் கடையில் உப்புக்கூட வாங்கமாட்டோமே. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கைதான பிள்ளையின் படத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் நெல்டா முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்கு ஒம்பது நாளா தெரியும், வாண்டா. சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீயும் கொஞ்சம் தவியேன், பாக்கலாம்னு. நேத்து பாலத்துல வரும்போது உன் வீட்டுக்காரர் கழியால தண்ணிய குத்திக் குத்திப் பாத்துட்டு இருந்தார். அதுக்கு மேல என்னால முடியல." எனக்குக் கோபம் குப்பென்று ஏறியது. ஒன்பது நாள், ஒன்பது ராத்திரி, என் வீட்டு மனிதர் மகனின் உடம்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்பதும் எனக்குத் தெரியும். அக்கரைப் பட்டியலை எதற்குப் பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். "நான் அஞ்சு கவுண்டி பாக்குறேன், தினமும்" என்றாள். ரிக்கி ஜெயிலிலிருந்து வெளியே வந்து பதினாலு மாதம் ஆகிறதாம். ஒரு போன் இல்லை, ஒரு கடுதாசி இல்லை. நான் பதினோரு நாளைக்கே அரை உயிராகிவிட்டேன், அவள் பதினாலு மாதமாகக் காலையில் எழுந்து பிள்ளை முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்து அரை மைலில், எனக்குத் தெரியாமல். அவள் பெயரை என் நோட்டில் யாரும் எழுதச் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

உன் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாடிய எடுக்கச் சொல்லணும் அவனை" என்றார், கழியை உடைத்து அடுப்பில் போட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை பார்க்கப் போகிறோம், அவரும் வருகிறார், சட்டையை என்னிடம் இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறார். நேற்று புதன்கிழமைக் கூட்டத்தில் நோயாளிகளை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று, டஸ்டின், என் மகன், பூட்டிய வீட்டில் புகுந்தது, கெல்சோ ஜெயில் என்று மற்றவர்களை வாசிப்பது போலவே வாசித்தேன். ஒருத்தியும் உச்சுக்கொட்டவில்லை. நோட்டைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன், இனி வேறு யாராவது நோயாளிகளை மட்டும் வாசிக்கட்டும். சாவு வீட்டுக்கு ஊரே பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுபோகிறது, பிள்ளை ஜெயிலுக்குப் போன வீட்டுக்கு யாரும் கொண்டுபோவதில்லை, நானும் போனதில்லை. இன்று காலை அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தில் கோழியும் சோறும் வேகவைத்து எடுத்துப் போனேன். நெல்டா மூடியைத் திறந்து பார்க்கவில்லை, தூக்கி அடியிலிருந்த டேப்பைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வா, காபி ஆறிடும்" என்றாள். நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஐந்து கவுண்டியும் பார்த்தோம். ரிக்கி இல்லை.

தம்பிக்கு எழுதுவதானால் தபால் அட்டையில் மட்டும் எழுது, உறை போட்ட கடிதத்தை அந்த ஜெயிலில் வாங்கமாட்டார்கள், விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. கோபமாக எழுதாதே, கோட்டு நன்றாக இருந்தது என்று எழுது. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மீன்பிடிக் கப்பல்கள் வந்துபோகும் உன் பக்கத்துத் துறைமுக ஊர்களிலும் இப்படிப் பட்டியல் போடுவார்கள் அல்லவா, காலையில் காபி கொதிக்கும்போது ரிக்கியின் பெயரைப் போட்டு ஒரு தரம் பார். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், பஸ்ஸில் விழுந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். கிடைத்தால் உடனே கூப்பிடு, போனை இப்போது எடுப்பேன். கிடைக்காவிட்டாலும் பார்த்தேன் என்று ஒரு வரி எழுது, அவளிடம் காட்டுகிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
வாண்டா