பாட்டில் அழுகிற அம்மா நான் இல்லை

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. செம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். பார்லரில் ஈ ஓட்டினோம். இந்த மழையில் யார் புருவம் திருத்த வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காட்கோபரில் என் மகள் நிவிக்கு ராப் போட்டியின் இறுதிச் சுற்று. பதினேழு வயதில் அவ்வளவு பெரிய மேடை. பாட்டு என்னைப் பற்றியதாம். ஒரு துண்டு ஏற்கெனவே எல்லார் போனிலும் ஓடுகிறது. என் போனில் மட்டும் வராதபடி ஏதோ செய்து வைத்திருக்கிறாள்.

"மேடையில கேளும்மா. சர்ப்ரைஸ்."

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, அவள் தொண்டைக்கு அதிமதுரம்.

இந்த நோட்டை எங்கே வைத்தாலும் பயமில்லை. அவள் தமிழ் எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டது. தாராவி முழுக்க ஈரத்துணி வாசனை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரி அக்கா மீன் குழம்போடு வந்தாள். பாத்திரத்தைக் கீழே வைக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஏளா செல்வி, ஒம் மாப்பிள தவறிப்போன விசயத்த எங்கிட்டகூடச் சொல்லலியே. இத்தன வருசமா பக்கத்துல இருக்கேன்."

"யாருக்கா தவறிப்போனது?"

"ஒம் மக பாட்டுல சொல்லுதாளே. போட்டோவுல மாலை தொங்குதுன்னு."

அவர் உல்லாஸ்நகரில் நன்றாகத்தான் இருக்கிறார். அக்காவின் போனிலேயே பாட்டைக் கேட்டேன். இந்தி, நடுநடுவே நம் தமிழ். என்ன குரல் அவளுக்கு. கொஞ்சமும் பயமில்லாத கனத்த குரல். முதலில் அதில்தான் மனசு போனது. பிறகுதான் வார்த்தை காதில் விழுந்தது.

அந்த அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் தண்ணீர் குடித்துப் படுக்கிறாள். தலையணை நனைய அழுகிறாள். சுவரில் அப்பா படம், மாலை.

"எவ்ளோ கஷ்டப்பட்டுருக்க, எங்கிட்டச் சொல்லாமலே" என்று மாரி அக்கா மூக்கைச் சிந்தினாள். மறுத்துப் பேச வாய் வரவில்லை. மீன் குழம்பு பிரமாதம்.

ஜூலை 9, புதன்

பார்லர் ரேடியோவில் நாள் முழுக்கப் பாட்டு. இன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன். இந்தி, தமிழ், எதுவானாலும் ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கிற அம்மா ஒரே அம்மாதான். பசிக்கும், சாப்பிட மாட்டாள். புடவை கிழிந்திருக்கும். புருஷன் செத்திருப்பான், இல்லாவிட்டால் அவனைப் பற்றிப் பேச்சே இருக்காது. பாடுகிறவன் அநேகமாக மகன். அவளுக்கு வயசே கிடையாது. சிரிக்க மாட்டாள். லிப்ஸ்டிக் வாங்க மாட்டாள். விட்டுட்டு வந்தவள், விவாகரத்து வாங்கினவள், லீவு நாளில் பிள்ளையோடு கடற்கரைக்குப் போகிறவள், ஒரு பாட்டிலும் இல்லை.

நிவி காலேஜிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"நான் எப்பட்டி பாத்திரம் தேய்ச்சேன்?"

முகம் வெளிறிவிட்டது. "யாரு போட்டுக் காட்டினா? பார்லர்னு சொன்னா ஃபீல் வராதும்மா. அழுதாத்தான் ஜனங்க கேக்கறாங்க."

"சரி. அப்பாவ ஏன் சாகடிச்ச?"

பையை மாட்டினாள், கழற்றினாள். பிறகு போனை எடுத்து என் மடியில் போட்டாள். மார்ச் மாதம் போட்ட முதல் பாட்டு. அதில் உள்ளதை உள்ளபடி பாடியிருந்தாள். அம்மா பூட்டை அறுத்துக்கொண்டு வந்தவள் என்று.

கீழே ஆட்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். என்னைத்தான். புருஷனை விட்டு ஓடினவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று ஒருவன். இன்னொருவன் எழுதியதை இங்கே எழுத முடியாது.

"டெலீட் பண்ணிட்டு, செத்துட்டாருன்னு மாத்தினேன். அப்பறம் யாருமே உன்ன எதுவும் சொல்லல. எல்லாரும் கைகூப்பிக் கும்பிடறாங்க."

திட்டத்தான் உட்கார்ந்திருந்தேன். மார்ச்சிலிருந்து இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எண்ணெயைக் காய்ச்சி அவள் தலையில் வைத்தேன். தலை மெல்ல என் முழங்காலில் சாய்ந்தது.

ஜூலை 11, வெள்ளி

பார்லருக்கு வாரவிடுமுறை. சாளை மீன் வறுவல்.

நிவி கேட்டாள், நான் சொன்னேன். இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அவள் அப்பா அடித்ததில்லை. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போவார், அவ்வளவுதான். நான் யாரோடாவது பேசிவிடுவேனாம். நிவிக்கு நாலு வயது, ஜுரம் கொதித்த ஒரு நாள், கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பூட்டை ரம்பத்தால் அறுத்தார். டாக்டர் வீட்டுக்குப் போனோம். ஊசி போட்டார்கள். வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

"தாதர் ஸ்டேஷன் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். "நீ ரெண்டு வடாபாவ் சாப்பிட்டே. சிரிச்சுக்கிட்டே இருந்தே. எனக்கு பயமா இருந்துது, அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு."

ஆமாம், சிரித்தேன். அதை மறந்தே போயிருந்தேன்.

ஜூலை 12, சனி

போட்டி நடத்துகிறவர் போன். நிவி ஸ்பீக்கரில் போட்டாள். மரியாதையான ஆள். கடைசி வரி வரும்போது நான் மேடைக்கு வந்து மகளைக் கட்டிப்பிடிக்க வேண்டுமாம். வெளிர் நிறப் புடவை கட்டினால் நல்லதாம். கண்ணீர் வந்தால் தடுக்க வேண்டாமாம்.

நிவி குறுக்கிட்டாள். "அம்மா மேடைக்கு வரமாட்டாங்க, சார். பாட்டும் மாறிடுச்சு."

"பழைய பாட்டுக்காகத்தான் உன்னை எடுத்தாங்க. ரிஸ்க்."

"தெரியும்."

வைத்த பிறகு போனைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "பழசையே பாடுட்டி. எனக்குக் கோவம் இல்ல" என்றேன்.

"எனக்கு இருக்கு" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

தூறல். பார்லருக்கு லீவு போட்டேன். மாரி அக்காவும் வந்தாள். நான் கத்தரிப்பூ நிறச் சுடிதார், லிப்ஸ்டிக்.

நிவி மேடையில் ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். வாயைத் திறந்ததும் வளர்ந்துவிட்டாள். என் அப்பா சாகவில்லை, நல்லா இருக்கட்டும், அதுதான் ஆரம்பம். கூட்டம் குழம்பியது. அவர்கள் கேட்க வந்த பாட்டு இது இல்லை. பின்னால் சில பையன்கள் ஊளையிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. பூட்டு, ஜுரம், ரம்பம். என் அம்மா பட்டினி கிடக்கவில்லை, ரெண்டு வடாபாவ் சாப்பிட்டாள் என்றதும் எங்கோ ஒரு பொம்பளை சத்தமாகச் சிரித்தாள். பிறகு இன்னும் சிலர். அதற்குப் பிறகு ஊளை கேட்கவில்லை. என் அம்மா ஊருக்கெல்லாம் புருவம் திருத்துகிறாள், யார் புருவம் உயர்த்தினாலும் அவளுக்குக் கவலை இல்லை என்று முடித்தாள்.

மாரி அக்கா என் காதில், "அப்போ நெசமா உசுரோடதான் இருக்காரா?" என்றாள்.

பரிசு வேறொரு பையனுக்கு. அவனும் அம்மா பாட்டுத்தான். அந்த அம்மா பட்டினி கிடந்தாள், அழுதாள். கேட்டு எனக்கும் அழுகை வந்தது. அவனுக்கு அது நிஜமாகவே இருக்கலாம். கீழே இறங்கி அவன் தன் அம்மாவைத் தேடிப் போனதைப் பார்த்தேன்.

நிவி வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். சயான் வந்ததும், "நல்லா இருந்துதா?" என்றாள். "வரி எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிட்டு" என்றேன். சொல்லிக் காட்டச் சொன்னாள். பாதியில் மறந்துவிட்டது. அவளே எடுத்துக்கொடுத்தாள்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பாட்டை இணையத்தில் போட்டுவிட்டாள். கீழே மறுபடியும் அசிங்கங்கள். இந்தத் தடவை அழிக்கவில்லை. காலையில் தோசை தின்றுகொண்டே எனக்குப் படித்துக் காட்டினாள். ஒன்றில் எழுத்துப் பிழை. சிரித்தோம்.

மதியம் பார்லருக்கு ஒருத்தி வந்தாள். இதுவரை பார்த்திராத முகம். தமிழ். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு புருவம் முடிந்ததும் கேட்டாள்.

"வடாபாவ் பாட்டு பாடின பொண்ணோட அம்மா நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "ரூம் வாடகைக்குக் கேட்டாப் புருஷன் பேரு கேப்பாங்களா?"

நூல் கையில் நின்றுவிட்டது. "கேப்பாங்க. சில பேரு கேக்க மாட்டாங்க. அந்த மாதிரி வீடு எனக்குத் தெரியும்."

தலையை ஆட்டினாள். மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. புருவம் எடுக்கும்போது எல்லாருக்கும் வருவதுதான். துடைத்துவிட்டு அடுத்த புருவத்தை எடுத்தேன்.

நாளை மதியம் மறுபடி வருகிறாளாம். பேர் கேட்கவில்லை.