டம்ளர் ஆடியது, கோப்பில் பூஜ்யம்

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதேடி. பாப்பா இப்போதுதான் கண் மூடினாள். மதியம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வெடி போட்டார்கள். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன, இவள் வீறிட்டாள். அந்தச் சத்தம் கேட்டாலே உன் ஞாபகம்தான்.

தொட்டிலுக்கு மேலே சுவர் விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. நம் ஆபீஸ் சாருக்கு போன் செய்தேன். "ஒங்க வூட்டுல வச்ச அதிர்வுக் கருவியில பூஜ்யம்தாம்மா இருக்கு. கொழந்த பொறந்ததுலேருந்து ரொம்பத்தான் பயப்படுற" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாம் பெரம்பலூர் ஆபீஸில் சேர்ந்த புதிதில், அதிர்வுக் கருவிகள் அனுப்பிய எண்கள் குவிந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. எண்களைக் கொஞ்சம் மழுக்கிச் சுருக்கித்தான் சேமிக்க வேண்டும். எல்லாக் கருவியின் எண்ணையும் ஒரே அளவில் மழுக்கினால் போதும் என்றார் சார். நீ விடவில்லை.

"சுரங்கத்துக்கிட்ட இருக்கறது ஆனை மாதிரி ஆடுதுங்க சார். அதோட அளவ இவ வூட்டுக்கும் போட்டா, இவ வூடு ஆடுனதே தெரியாது."

"வூடு வுழுந்தா தெரியும்மா."

"வுழுந்தப்புறம் கருவி எதுக்குங்க?"

வெடியில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்தாய். என் மாமியாரிடம், "அத்த, செத்த நேரம் மிக்சியப் போடாதீங்க" என்று கெஞ்சினாய். ஊரே அசையாதபோதும் கருவி தானாக எவ்வளவு நடுங்குகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டுவிடலாம் என்று அங்கேதான் கோடு போட்டாய். "கருவியோட நடுக்கத்தத் தூக்கிப் போடலாம்டி. ஊரோட நடுக்கத்தப் போடக் கூடாது."

பிறகு ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். சார் முன்பு சொன்னபடியே எல்லாவற்றுக்கும் ஒரே அளவைப் போட்டு, மழுக்காத மூலப் பதிவையும் அழித்துவிட்டார். மழுங்கிய எண்ணைத் திரும்பக் கூராக்க முடியுமா? அத்தனை மாதமும் எங்கள் தெரு ஆடவே இல்லையாம்!

இன்றைய மூலப் பதிவு காலையில் அழியும். அதற்கு முன் எடுத்து வைத்துவிட்டேன். வெடி தெளிவாகத் தெரிகிறது. உன்னைப் போலவே, வீடு அடங்கிய நேரத்தைப் பிரித்துக் கோடு போட உட்கார்ந்தால், அதிலும் ஒரு சின்ன அசைவு, சீராக, போவதும் வருவதுமாய். பாப்பாவின் தொட்டில். நீ வந்தபோது இந்த வீட்டில் தொட்டில் இல்லை.

அதைக் கோட்டுக்குக் கீழே தள்ள எனக்கு மனசில்லை. மேலேயே வைத்திருக்கிறேன். சரியா என்று சீக்கிரம் பதில் போடு.