எட்டாவது தோள்

வல்லெட்டா,
ஜனவரி 14

அன்புள்ள மருமகன் ஸ்பீருவுக்கு,

மால்டாத் தீவின் மிகப் புகழ்பெற்ற தோளுக்குச் சொந்தக்காரனும், உன் அம்மாவுக்கு ஒரே அண்ணனுமான வென்சு மாமா எழுதுவது. மெல்போர்னில் நீ சுகமாயிருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நான்கு வருஷமாக நீ ஒரு வரி எழுதாததால் வேறு வழியில்லை. உன் அம்மா ஜுதித்தா நலம். உன் அறையில் யாரையும் தங்கவிடுவதில்லை, என்னையும்கூட.

பிப்ரவரி பத்து, திருவிழா நாள் வருகிறது. புனித பவுலின் சிலையைத் தூக்கும் எட்டுப் பேரில் முன்வரிசை இடப்பக்கம் உன் அப்பாவின் இடம். அவருக்குப் பின் அதில் நான் நிற்கிறேன். சிலையைத் தாங்கும் மரத்தண்டு அழுத்தி அழுத்தித் தோளில் ஏறும் கட்டியை 'ரொட்டி' என்போமே, என்னுடையது இப்போது ஆறு பேர் குடும்பத்துக்குக் காலை உணவாகும்.

ஆனால் எட்டுப் பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். போன வாரம் குழுத் தலைவன் கல்சிதோன், கோயில் உள்ளறைச் சுவரில் என்னை நிறுத்தி அளந்தான். இரண்டு விரல் குறைவு. "வென்சு, வெந்நீர்ல போட்ட கம்பளி மாதிரி சுருங்கிட்டேப்பா" என்றான். "நான் சுருங்கலடா, உன் சுவரு வளர்ந்திருக்கு" என்றேன்.

செருப்புக்குள் கார்க் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். நம் தெருப்படிகளைத்தான் உனக்குத் தெரியுமே. இந்த நகரத்தைக் கட்டிய மாவீரர்கள் துருக்கியரைத் தடுக்க மதிலும், என் முழங்காலைத் தடுக்கப் படியும் கட்டினார்கள். மழை ஈரத்தில் ஒரு கார்க் நழுவி ஓடியது. இந்நேரம் சிசிலியில் கரையேறியிருக்கும். தண்டு சாய்ந்து, பாரமெல்லாம் பின்னாலிருந்த நெனுவின் கழுத்தில் இறங்கியது. "கிழவா, என்னைக் கொன்னுடுவே போலிருக்கே" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி இரண்டுக்குள் நம் குடும்பத்தில் உயரம் பொருந்தும் ஆள் வராவிட்டால், இடம் வெளியாளுக்குப் போகும் என்கிறான் கல்சிதோன். அந்தச் சுவரில் உன் பத்தொன்பதாம் வயதுக் கோடும் உன் அப்பாவின் கோடும் ஒன்றாகவே இருக்கின்றன. விரல் வைத்துப் பார்த்தேன்.

அவர் இறந்தது திருவிழாவுக்கு முந்தின நாள். மறுநாள் வாசலில், "அப்பாவைக் கிடத்திட்டு நீங்க சிலை தூக்கப் போறீங்களா மாமா?" என்று கேட்டாய். நான் படியிறங்கிக் கோயிலுக்குப் போனேன். அன்று ஏழு பேர்தான் தூக்கினோம். அவர் இடத்தில் வேறு ஆள் நிற்க நான் விடவில்லை. பாதி வழியில் என் தோள் மூட்டு விலகியது. வீடு திரும்பி அதைச் சொல்லலாம் என்றிருந்தேன்; நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

அந்த இடத்தை வெளியாளுக்கு நான் விடப்போவதில்லை. நீ வந்தால் விலகி நிற்பேன். வராவிட்டால், கல்சிதோன் என்னைத் தூக்கித்தான் அகற்ற வேண்டும். அதற்கு எட்டுப் பேர் போதாது.

என்னை மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். தண்டுக்கடியில் பேசக்கூடாது என்பது வழக்கம்தானே. வந்து தோள் கொடு, போதும். புனித பவுல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கப்பல் உடைந்தும் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

உனக்காகக் கதவைச் சாத்தாதிருக்கும்,
வென்சு மாமா