ஏற்கெனவே படித்தவை

14.3.2024, வியாழன்

மதியம் பட்டறையில் கரண்ட் இல்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற சத்தம் நின்றதும் ஆபீஸே வேறு இடம் மாதிரி ஆகிவிட்டது. கொட்டேஷன் பாதியில் நிற்க, பிரவீனா போன் செய்தாள். "எத்தனை ஆச்சு?"

ஏழு என்றேன். என்னென்ன என்று கேட்கவில்லை. நல்லவேளை.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து ஆண்டுக்கு முப்பது புத்தகம் என்று இரண்டு பேரும் பந்தயம் வைத்துப் படிக்கிறோம். ராசிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே விதிகளைப் போட்டோம். முதல் விதி அவள் போட்டது: ஏற்கெனவே படித்தது சேராது.

இந்த ஆண்டு நான் படித்த ஏழும் ஏற்கெனவே படித்தவை.

2.4.2024

எட்டு. இதுவும் பழையது.

21.4.2024, ஞாயிறு

பிரவீனா சேலத்திலிருந்து வந்தாள். மூன்று புதுப் புத்தகங்கள், ஒரு பை தட்டுவடை. செருப்பைக் கழற்றியதும் என் நோட்டைத்தான் எடுத்தாள்.

"என்னடி இது? இந்த லாட்ஜ் கதைய காலேஜ்லயே படிச்சிட்டோம். இது போன வருஷம் படிச்சது. ஒண்ணுகூடப் புதுசு இல்லையே."

"படிச்சேன்ல?"

"படிச்சதையே படிச்சா எப்படிச் சேரும்? நீ வெளிய வரவே மாட்டேங்கற நர்மதா. மூணு மாசம் ஆச்சு."

மூன்று மாதம். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்படின்னா எல்லாத்தையும் அடிச்சிரு. சைபர்னு போட்டுக்க" என்று கத்திவிட்டேன். அவள் அடிக்கவில்லை. நோட்டை மூடி வைத்தாள். தட்டுவடையை யாரும் பிரிக்கவில்லை. நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்விட்டாள்.

22.4.2024

பழையதையே ஏன் படிக்கிறேன் என்று அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜனவரி ஆறாம் தேதி. ஏழாம் மாதம். வயிற்றிலேயே போய்விட்டது. பெண். நர்ஸ் துணியை விலக்கி ஒரு தடவை காட்டினார். பிறகு இவரும் என் மாமனாரும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் நான் வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கென்று பீரோவில் மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகள்கூட இல்லை. குழந்தையை எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு புது நாவல் எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் ஒருத்திக்கு மசக்கை. மூடிவிட்டேன். அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் எப்படி அடுத்த பக்கம் போவது?

பழைய புத்தகத்தில் யார் சாவார்கள், எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் வருவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு இப்ப அதுதான் முடியுது. அதப் போயி சேராதுங்கறா. சேராட்டிப் போகுது!

5.5.2024

பிரவீனா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

9.6.2024, ஞாயிறு

இவர் வந்துவிட்டார். சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த இவருடைய ரிக் வண்டி மழைக்காலத்துக்கு ஊர் திரும்பிவிட்டது. மூன்று மாதம் இங்கேதான் இருப்பார். கறுத்து இளைத்திருக்கிறார். பிப்ரவரி தொடக்கத்தில் போனவர். போனில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி இரண்டு பேரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார்.

"இது போன தீபாவளிக்குப் படிச்சிட்டிருந்ததுதானே?"

"ஆமாங்க."

"மறுக்கா படிச்சா மாறுமா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

7.7.2024

பதினேழு. பதினேழா, சைபரா?

15.8.2024, வியாழன்

பட்டறை லீவு. லாட்ஜ் கதையை மறுபடி எடுத்தேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து லாட்ஜ் நடத்தி, சண்டை போட்டு, கடைசியில் சேர்ந்துகொள்கிற கதை. சிரிப்பதற்கென்றே எழுதியது. ஐந்து தடவையாவது படித்திருப்பேன். யாருமே சாகாத புத்தகம் என்று நம்பியிருந்தேன்.

அறுபத்து மூன்றாம் பக்கம். லாட்ஜின் சமையற்காரியைப் பற்றி இரண்டு வரி. முதல் குழந்தை தங்கவில்லையாம். அதற்குப் பிறகுதான் அவள் எல்லாவற்றிலும் உப்பைக் கூடுதலாகப் போட ஆரம்பித்தாளாம். உடனே யாரோ சாம்பாரைத் துப்புகிறார்கள். கதை மேலே போய்விடுகிறது.

அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் "ஹா ஹா". என் கையெழுத்து.

சிரிச்சிருக்கேன். ஐயோ, இதுக்குப் போயி சிரிச்சிருக்கேனே. ஒவ்வொரு தடவையும் சிரித்துத்தான் இருப்பேன். உப்புதான் என் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த ஆண்டு பக்கங்களை வெறுமனே புரட்டிப் படித்தபோதுகூடக் குழந்தை படவே இல்லை.

மிச்சப் பக்கம் முழுக்கத் தேடினேன். அந்தக் குழந்தையைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை. எங்கே வைத்தார்கள் என்று அவள் கேட்டாளா, யாராவது அவளுக்குச் சொன்னார்களா — ஒன்றும் இல்லை.

16.8.2024, வெள்ளி

நான்கு மாதம் கழித்து நானே பிரவீனாவுக்குப் போன் செய்தேன். எதுவும் விசாரிக்காமல் அந்த இரண்டு வரியைப் படித்துக் காட்டினேன்.

"நானும் சிரிச்சிருக்கேன்டி" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

புதுப் புத்தகம் எடுக்க ஏன் பயம் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். முன்பே சொல்லியிருக்கலாம்.

"இந்த வரிய நீ நேத்துதான்டி மொதல்ல படிச்சிருக்க. இது புதுசுதான். எழுதிக்க. மத்ததும் சேரும். விதி நான் போட்டது, நானே எடுத்துட்டேன்."

"மத்ததெல்லாம் ஒளிஞ்சுக்கத்தான்டி படிச்சேன்."

"ஒளிஞ்சுக்கிட்டாலும் கண்ணத் தொறந்துதானே வெச்சிருந்த?"

அதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒன்று என்று எண் போட்டு, லாட்ஜ் கதையின் பெயரை எழுதினேன்.

17.8.2024, சனி

காலையில் இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். போய் நின்று கேட்டுவிட்டேன். "ஏனுங்க, பாப்பாவ எங்க வெச்சீங்க?"

கொப்பளிக்காமல் அப்படியே நின்றார். நுரை பனியனில் வடிந்தது.

"நீ கேப்பீன்னு ஏழு மாசமா..." வாயைக் கழுவினார். வெகுநேரம் முகத்தைக் கழுவினார். "நாளைக்குப் போலாம்."

18.8.2024, ஞாயிறு

திருச்செங்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாமனாரின் காட்டுக்கு வண்டியில் போனோம். முழுக்கக் குச்சிக்கிழங்கு. மரவள்ளிச் செடிகள் என் தோள் உயரத்துக்கு நின்றன. இவர் முன்னால் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தார். கிணற்றைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

அங்கே செடி இல்லை. ஒரு பாய் விரிக்கிற அளவு வெறும் மண். நாலு பக்கமும் வரிசை பிசகாமல் கிழங்கு.

"மாசியில குச்சி நடறப்ப அப்பா இத மட்டும் உட்டுட்டாராம். ஆளுக ஏனுங்கன்னு கேட்டதுக்கு அடியில பாறைன்னு சொல்லிட்டாராம்" என்றார் இவர். "களையும் அவரேதான் எடுக்கறாரு. ஆரையும் உடறதில்ல."

மாமனார் மோட்டார் ரூம் பக்கத்திலேயே நின்றார். கிட்டே வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மண்ணு ஈரமா இருக்குது சாமி, பாத்து உக்காரு" என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்தேன். இவரும் உட்கார்ந்தார். ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோரைப் புல் முளைத்திருந்தது. அதை நான் பிடுங்கினேன்.