நீ அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. உன் அம்மா சுகமாக இல்லை, நான் கோபமாக இருக்கிறேன், இதை உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்குக் கட்டுப்பாடே இல்லப்பா, நான் அனுப்பின பட்டியல்படி சாப்பிட்டிருந்தா தோல் இறுகுறது எப்பவோ நின்னிருக்கும் என்றாய். ஸ்பீக்கர் போட்டிருந்தேன், அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். துணி மடிக்கப் போய்விட்டாள். விரல் மடங்காததால் மடிப்பை முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

அவளுக்கு ஸ்க்ளீரோடெர்மா, தோல் இறுகிப்போகும் நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே, சாப்பாட்டு விஷயத்துக்கு ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அதே வாரம் உன் பட்டியல் வந்தது. மத்தியானம் வரை பட்டினி, பிறகு ஒரே வேளையாகத் தட்டு நிறையப் பச்சைக் காய்கறி, பால் கூடாது, எண்ணெய் கூடாது. யாரோ வீடியோவில் பேசினானாம். டாக்டர் சீட்டு அலமாரிக்குள் போனது, உன் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. படிச்ச பிள்ளை சொல்றான், தப்பாவா இருக்கும் என்றாள். ஐந்து மாதம், ஒரு நாள் தவறவில்லை. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும், எச்சில் ஊறாது, ஒரு கேரட்டை மென்று முடிக்க முக்கால் மணி நேரம். நான் மட்டும் என்ன யோக்கியன்? என் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னுமா மெல்லுறே, மாடுகூட இதுக்குள்ள முடிச்சிருக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினவன். இருபத்தாறு வருடமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்து, வண்டி ஏறும் சத்தத்திலேயே பாரம் சொல்கிறவனுக்கு, பெண்டாட்டி பதினொரு கிலோ கரைந்தது தெரியவில்லை.

ஒரு மத்தியானம் விழுங்கினது மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் நெஞ்சில் நின்றுவிட்டது. கண் செருகிவிட்டது. எதிர்வீட்டுத் தச்சர்தான் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். குழாய் விட்டு எடுத்தார்கள். எடை முப்பத்தொன்பது. உணவு ஆலோசகர் உன் வயதுப் பெண், அவள் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. வெளித்தோல் மாதிரியே உள்ளே உணவுக்குழாயும் விறைத்துப்போகுமாம், தள்ளிவிடத் தெம்பு இருக்காதாம், அம்மாவுக்கு இப்போது இளைப்பதுதான் பெரிய ஆபத்தாம். யார் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது என்று அந்தப் பெண் கேட்டாள். உன் அம்மா என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நானே ஏதோ பத்திரிகையில படிச்சேன்மா என்றாள்.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. நான்தான் மசிக்கிறேன், வெண்ணெயும் பால் பவுடரும் கலக்கிறேன், சின்ன ஸ்பூன் கையில் நிற்காததால் பிடியில் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்க விடுவதில்லை, கட்டிலின் தலைப்பக்கம் தச்சர் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். இரண்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. மறுபடி இறங்கினால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன ஞாயிறு நீ பேசின பிறகு அன்றைக்கு முழுக்க அவள் இரண்டு ஸ்பூன்தான் இறக்கினாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனிமேல் பட்டியல் எதுவும் அனுப்பாதே. போன் எடுத்ததும் சாப்பிட்டியாம்மா என்று கேட்காதே, பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி முழிக்கிறாள். வேறு ஏதாவது பேசு. இன்னொன்று, வீடியோ காலில் அம்மா சிரிக்கவே மாட்டேங்கிறாங்க, என்மேல கோபமா என்று கேட்டாய். கோபம் எனக்குத்தான். அவளுக்குக் கன்னத்துத் தோல் இடம் கொடுக்கவில்லை. உன் போன் வருகிற நேரம் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்கிறாள்.

நல்லா இரு. ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை, கோபமும் இன்னும் ஆறவில்லை. பதில் போட்டால் எடைமேடை ஆபீஸ் முகவரிக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம்.

உன் அப்பா