ஊட்ல எத்தன பேருங்க?

வெண்ணந்தூர்,
4-8-2024

அறிவுச்செல்விக் கண்ணுக்கு அத்தை எழுதிக்கொள்வது. எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் வயிறு எப்படி இருக்கிறது? அந்த மெஸ்காரன் இன்னும் சாம்பாரில் சோடா உப்பு போடுகிறானா?

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்காதே. மாதேஷ் போய் நாலு வருஷம் ஆகிறது. பெற்றவள் நானும் கட்டிக்கொண்டவள் நீயும் போனில் பேசினால் என்ன நடக்கிறது? "சாப்ட்டியா சாமி?" என்பேன். "சாப்ட்டேனுங்க அத்தை" என்பாய். அப்புறம் இரண்டு பேரும் அழுதுகொண்டே போனை வைத்துவிடுவோம். காகிதம் என்றால் மூக்கைச் சிந்திவிட்டு வந்து மீதியை எழுதலாம்.

நேற்று ஆடிப் பதினெட்டுக்குப் பள்ளிக்கூடம் லீவு. சேலத்தில் கடைக்குக் கடை தள்ளுபடி என்றார்கள், உனக்குக் கரண்டு குக்கர் வாங்கப் போனேன். உனக்கு ஓசூரில் அறையை வாடகைக்கு விட்டவர்தான் சிலிண்டர் வைக்கக் கூடாது என்கிறாரே. இதில் அரிசியைப் போட்டுப் பட்டனைத் தட்டிவிட்டு நீ குளிக்கப் போகலாம். வெந்ததும் தானாக நின்றுவிடுமாம். மூணு, ஆறு, எட்டு லிட்டர் என்று வரிசையாக வைத்திருந்தான்.

"ஊட்ல எத்தன பேருங்கம்மா?" என்று கேட்டான் கடைக்காரப் பையன்.

சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். நூற்றிருபது பிள்ளைகளுக்கு அளவு கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன், பிள்ளைக்கு நூறு கிராம், மொத்தம் பன்னிரண்டு கிலோ அரிசி. இவன் கேட்டதற்கு மட்டும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். கடைசியில் "ஒருத்திங்க" என்றேன். "அப்ப மூணு லிட்டரே தாராளங்க" என்று கட்டிக் கொடுத்துவிட்டான்.

இங்கே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தை,
கண்ணாத்தாள்

---

ஓசூர்,
15-8-2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மெஸ்ஸை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. வயிறு இப்போது பரவாயில்லை.

முட்டி வலியோடு சேலம்வரை போய் எனக்காகக் குக்கர் வாங்கியிருக்கிறீர்கள். இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு ஆறு லிட்டராக மாற்றித் தருவார்களா? மேலே ஆகிறதை நான் அனுப்பிவிடுகிறேன்.

மூணு லிட்டர் என்றால் முழுக்க வைக்க முடியாது அத்தை. அரிசி, பருப்பெல்லாம் பொங்கும், அதனால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக் கோடு வரைதான் வைக்கலாம். ஆறு லிட்டராக இருந்தால் அடியில் சோறு, மேலே ஒரு கிண்ணத்தில் பருப்பு என்று ஒரே தடவையில் வேலை முடியும். ஞாயிற்றுக்கிழமையானால் என்னோடு வேலை செய்கிறவர்களும் வருவார்கள்.

நீங்கள் வைத்துப் பார்க்கும்போது நிரப்பிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
அறிவு

---

வெண்ணந்தூர்,
25-8-2024

அறிவுக் கண்ணுக்கு,

நிரப்பிவிடாதே என்று நீ எழுதிய கடிதம் நான் நிரப்பியதற்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

எங்கள் கூடத்தில் அண்டா என்றால் கழுத்துவரை வைப்போம், பொங்கினால் கிளறிவிடுவோம், அதுதான் கைக்குப் பழக்கம். மூணு லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறானே என்று கழுத்துவரை வைத்தேன். மூடி பூட்டிக்கொண்டது, கிளற வழியில்லை. ஆவி போகிற மூக்கு வழியாகக் கஞ்சி பீய்ச்சி அடித்ததில் காலண்டரில் இருந்த முருகருக்கு அபிஷேகமே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு தீபிகா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே பார்த்தால் ஐந்து பேர் சாப்பிடுகிற சோறு. தெரு முழுக்கக் கொடுத்தேன். புழங்கிய சாமானைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

சரி, இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். ஒரு தடவை பஸ் ஓடாத நாளில் ஒன்பதே பிள்ளைகள் வந்தார்கள். அதே அண்டாவில் ஒரு கிலோ அரிசியை வைத்தேன், அடியெல்லாம் தீய்ந்துவிட்டது. பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாக வைத்தால் சோறு உருப்படாது. அது உனக்கும் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிக்காக யாரும் தினமும் ஆறு லிட்டரைக் கழுவ மாட்டார்கள்.

தினமும் உன்னோடு சாப்பிடுகிறது யாரு சாமி? மறைக்காமல் எழுது.

அத்தை

---

ஓசூர்,
8-9-2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடம் மறைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வருஷமாகச் சொல்ல வாய் வரவில்லை. குக்கர் சொல்லிவிட்டது.

அவர் பெயர் தீனதயாளன். ஆத்தூர் பக்கம். எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறார். மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. நிலா என்று மூன்றாவது படிக்கிற ஒரு மகள். கம்பெனி ஆண்டு விழாவில் என் டப்பாவில் இருந்த அரிசிம்பருப்புச் சோற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த சோறுதான், அன்றைக்குப் பக்கத்து வீட்டு அடுப்பில் ஆக்கியது. அப்படித்தான் ஆரம்பித்தது. மெஸ்ஸை விட்டதிலிருந்து சாயந்திரம் அவர் வீட்டு அடுப்பில் ஆக்கி மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். என் வயிறு அதனால்தான் சரியானது.

நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, இங்கே பதிவு ஆபீஸில் கல்யாணம் வைத்திருக்கிறோம். அண்ணன் சரவணமுத்து, "செத்தவனுக்கு துரோகம் பண்றே, எங்க ஊட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் இல்லை. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை அத்தை. உங்கள் மகனுக்கு நான் துரோகம் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகு உங்களை அத்தை என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்குமா? அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அறிவு

---

ஓசூர்,
20-10-2024

அன்புள்ள அத்தைக்கு,

ஆறு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் எடுத்து உங்கள் பெயர் வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறேன். தீபாவளிக்கு வழக்கம்போல வரட்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை. நீங்கள் கூப்பிடாமல் வர எனக்குத் தைரியம் இல்லை.

முட்டிக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அதைத் தடவாமல் இருந்துவிடாதீர்கள்.

அறிவு

---

வெண்ணந்தூர்,
3-11-2024

அறிவுச்செல்விக் கண்ணுக்கு,

தைலம் தடவினேன். தீபாவளிக்கு உன்னைக் கூப்பிடாதது தப்புத்தான். பலகாரமும் சுடவில்லை.

கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாதேஷ் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இன்னொருத்தன் உட்கார்ந்து நீ பரிமாறுவாய் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது. உன் கடிதத்தை அரிசிப் போசிக்குள் போட்டு மூடிவிட்டேன். அரிசி எடுக்கப் போகிறபோதெல்லாம் அதுதான் கைக்கு வந்தது.

அந்த மூணு லிட்டர் சும்மாக் கிடக்கிறதே என்று எனக்கே அதில் ஆக்க ஆரம்பித்தேன். மாதேஷ் போனதிலிருந்து மத்தியானம் பிள்ளைகள் சத்தத்தில் சாப்பிடுவேன், ராத்திரிக்கு முக்குக் கடை இட்லி. தனியாக எனக்கென்று உலை வைத்ததே இல்லை. முதலில் குழைந்தது, அப்புறம் விறைத்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் அளவு பிடிபட்டது. முக்கால் டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர். நல்ல சோறு கண்ணு, பூவாக வெந்திருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இந்தச் சோற்றைத்தான் மெஸ்ஸிலும் அந்த ஒற்றை அறையிலுமாக நாலு வருஷம் நீ தின்றிருக்கிறாய். நான் பாட்டுக்குப் போனில் "சாப்ட்டியா, சாப்ட்டியா" என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். யாரோடு சாப்பிட்டாய் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அன்றைக்குத்தான் உன் கடிதத்தை அரிசியிலிருந்து எடுத்துத் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

உன் அண்ணன் கிடக்கிறான். தாய்வீட்டுச் சீர் நான் கொண்டு வாரேன். புருஷன் இல்லாதவள் சீர் தூக்கலாமா என்று யாராவது கேட்டால், நூற்றிருபது பிள்ளைக்குச் சோறு போட்ட கை என்று சொல். நீ என்னை அத்தை என்றே கூப்பிடு. அதற்கு ஆபீஸில் கையெழுத்து ஒன்றும் தேவையில்லை. நிலா என்னை என்னவென்று கூப்பிடுவது என்பதை அவளே பார்த்துச் சொல்லட்டும்.

இன்று சேலம் போனேன். அதே கடை, அதே பையன்தான். போன தடவை நான் பதில் சொல்லத் தடுமாறியது அவனுக்கு நினைவில்லை. அதே மாதிரி, "ஊட்ல எத்தன பேருங்கம்மா?" என்றான்.

"நாலு பேருங்க" என்றேன்.

ஆறு லிட்டர் எடுத்துக் கொடுத்தான். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது இல்லையா, உள்ளே அரிசியும் வெல்லமும் மஞ்சளும் வைத்திருக்கிறேன். மூணு லிட்டர் இங்கேயே இருக்கட்டும், நான் ஊரில் இருக்கிற நாளைக்கு எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு நான்தான் ஆக்குவேன். நாலு பேருக்கு எவ்வளவு என்று எனக்குக் கை வராது, நீ பக்கத்தில் நின்று அளவு சொல்.

உன் அத்தை,
கண்ணாத்தாள்