பாஸ்டர் சொன்ன வெள்ளைச் சேலை

18-6-78, ஞாயிறு
சபையில் இன்று மூன்று மணி நேரம். அதில் பாதி நேரம் பெண்களின் காது, மூக்கு, கழுத்து. பாஸ்டர் தேவதாசனுக்கு ஆண்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே கிடையாது போலும். வெள்ளைச் சேலைதான் பரிசுத்தமாம், நகை பிசாசு பூட்டிய விலங்காம். சொல்லச் சொல்ல அவர் கையில் தங்க முலாம் வாட்ச் மின்னுகிறது. அது நகையில் சேராதாம். ஊழியத்துக்கு நேரம் பார்க்கவாம்!

21-6-78
இவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். பெண்டாட்டி தாலியோடு இருந்தால் பாஸ்டர் தண்ணீரில் இறக்க மாட்டாராம். “கழத்திரு தேவமணி. என் ரட்சிப்பு ஒன் கையிலதான் இருக்கு” என்கிறார். பத்து வருஷத்துக்கு முன் இவரே கட்டிய தாலி. மாட்டேன் என்றேன்.

25-6-78, ஞாயிறு
நான்கு நாளாக என் கையால் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து ஜெபம். கழற்றிக் கொடுத்தேன். “ஸ்தோத்திரம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. சபையில் அழுகை வந்துவிட்டது. பாஸ்டரம்மா அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்றாள். சீ!

3-7-78
வெள்ளைச் சேலையில் பள்ளிக்கூடம் போனேன். ஒரு டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை.

8-7-78, சனி
என் வகுப்புப் பிள்ளையின் அம்மா அன்னக்கிளி, கரிவலம்வந்தநல்லூரிலிருந்து துட்டி கேட்க வந்துவிட்டாள். பஸ்ஸில் என்னைப் பார்த்தாளாம். வாசலிலேயே கட்டிப்பிடித்து, “எப்பம் நடந்திச்சு டீச்சர்? ஒரு வார்த்த சொல்லி விடலியே!” என்று ஒரே ஒப்பாரி. சத்தம் கேட்டு, குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு வந்து நின்றார். “யாரு செத்தா?” என்றார். என்னத்தைச் சொல்ல?

9-7-78
சபைக்குப் போகவில்லை இவர். ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை. பெட்டியிலிருந்து தாலியை எடுத்து நீட்டுகிறார். “போட்டுக்கோ. ஊருக்குள்ள நான் செத்துட்டேன்னு நெனைக்காங்க.”
எனக்கு வந்ததே கோபம். “பாஸ்டர் சொன்னா கழத்தணும், துட்டிக்காரி அழுதா போடணும். ஒங்களுக்குன்னு ஒரு வாய் கெடையாதா?”
தாலியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். இந்த மனுஷனுக்காகவா அழுதேன்?

17-7-78, திங்கள்
நீலச் சேலை. காதில் கம்மல், தலையில் பிச்சிப்பூ. ஆபீசுக்குப் புறப்படுமுன் தினமும் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். நான் மூடிவிட்டுப் போகிறேன்.
பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்காரரு...” என்று இழுத்தாள்.
“இருக்காரு” என்றேன்.